நடுங்குகிற குடல்

போடிநாயக்கனூர்
24-8-1956

சௌபாக்கியவதி பேச்சிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று பதில் போட்டுவிடாதே, பொய்யைப் படிக்க எனக்குப் பொறுமையில்லை. இது உன் அய்யாவை எழுதச் சொல்லும் சங்கதி இல்லை, அதனால் ஏலக்காய் பொறுக்கும் சோலியை விட்டுவிட்டு நானே எழுதுகிறேன்.

ஆடியில் உன்னைச் சோதித்த மதுரை டாக்டரிடம், நீ போன பிறகு முடிவு கேட்கப் போனேன். உன் குடலில் பூச்சியும் இல்லை, புண்ணும் இல்லையாம். பிறகு ஏன் கல்யாணமான எட்டே மாதத்தில் என் மகள் எலும்பும் தோலுமாகிவிட்டாள் என்று சண்டை பிடித்தேன். எப்போதெல்லாம் வயிறு போகிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். யோசித்தால் எனக்கே திக்கென்றது. ஆடிக்கு வந்து ஒரு மாதம் இருந்தாயே, ஒரு நாளாவது வலித்ததா? கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு என்னோடு மலைத்தோட்டத்துக்கு ஏறினாய். கூப்பிட வருகிறோம் என்று மாமியார் வீட்டுக் கார்டு வந்த மத்தியானமே நாலு தடவை ஓடினாய். அதைச் சொன்னதும் டாக்டர், "பயந்தா சிலருக்குக் கை நடுங்கும்மா, உங்க மகளுக்குக் குடல் நடுங்குது" என்றார்.

பயம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ பஸ்சு ஏறும்போதுதானே வாயைத் திறந்தாய். உன் மாமியார் வீடு இருக்கும் கோவில்பட்டியில் விடியுமுன் பெண்களோடு ஓடைப்பக்கம் போய்வந்தால் உண்டு, வெளுத்த பிறகு மறைவுக்கு ஒரு செடிகூட இல்லை. பகலில் போனால் இது எத்தனாவது தடவை என்று கொழுந்தன்மார் காதுபட மாமியார் கேட்கிறாளாம். அதற்காக நீ பகலெல்லாம் பட்டினி கிடக்கிறாய், பயத்திலேயே வயிறு இன்னும் கலக்குகிறது. முதலிலேயே சொல்ல உனக்கு என்ன கேடு? தெரியாமல், உன் மாமியார் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று தெருவே கேட்க நான் அவளை ஏசினேன். வைத்த மருந்தை எடுக்கிறேன் என்று சிலமலை மந்திரவாதி தன் வாயிலிருந்து துப்பிக் காட்டிய மயிர்ச்சுருளையும் நம்பினேன். அது என் புத்திகெட்ட தப்பு, அதற்கு மட்டும் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அய்யாவும் கொத்தனார் மொக்கச்சாமியும் வருகிறோம். கொல்லையில் கக்கூஸ் ஒன்று கட்டுவோம். வீட்டுக்குப் பின்னால் அசிங்கம் கூடாது என்று உன் மாமனார் மறித்தால், உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்புவோம், கட்டிய பிறகு அவர்கள் வந்து கூப்பிடட்டும்.

அதுவரை மத்தியானச் சோற்றைத் தள்ளாதே. வயிறாரத் தின்று, பயமற்று, மஞ்சள் குங்குமத்தோடு நீடூழி இரு. இந்தக் கடிதத்தை மடித்து ஒளிக்காதே. உன் மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது, எதிரே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் நீயே வாசித்துக் காட்டு.

இப்படிக்கு
உன் அம்மா
வீரலட்சுமி