கைக்குட்டையில் ஒட்டிய கரி

சார்,

இன்று காலை மருமகள் என் பழைய கைக்குட்டையைத் துவைக்க எடுத்துவிட்டாள். மெஷின் மூடியில் கையை வைத்துத் தடுத்தேன். "ஒரே கரியா இருக்கு மாமா!" என்றாள். அந்தக் கரி எந்தச் சாமியுடையது என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

கடல் தாண்டி வந்து, இந்தப் பிஸ்கட்டவே ஊரில் மகன் வீட்டில் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்த என்னை ஒரு நாள் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் கிடங்குக்குக் கூட்டிப்போனீர்கள், வெளியாள் வரக்கூடாது என்று தெரிந்தும். ரிட்டயர் ஆனபின் அங்கே பானையோடுகளுக்கு நம்பர் எழுதுவதுதான் உங்கள் சந்தோஷம். மேசைமேல் முழ உயரத்தில் ஒரு கல் பலிபீடம். ரோமர்கள் ஆண்ட ஊரில் தோண்டி எடுத்தது. ஆனால் சாமி கிரேக்க சாமி, ஹெர்மிஸ், வழிப்போக்கர்களுக்குத் துணை என்றீர்கள். அதற்குள் போன் வந்தது, வெளியே போனீர்கள்.

பீடத்தின் தலையில் ஒரே கரி. விளக்கேற்றும் முன் துடைத்துப் பழகிய கை, சும்மா இருக்குமா? கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்தேன்.

"அண்ணே! கையை எடுங்க!"

நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை.

"கல்லுல சாமி பேரை யார் வேணா வெட்டி வைப்பான். இந்தக் கரிதான்ணே நெஜமா கும்பிட்டதுக்குச் சாட்சி. சாம்பிராணியான்னு டெஸ்ட் பண்ண இருந்தாங்க."

"உங்க மாதா கோயில்ல போடுற சாம்பிராணியா சார்?"

நீங்கள் சிரிக்கவில்லை. வராந்தாவில், கிடங்குக்குப் பொறுப்பான பேராசிரியை அம்மாவின் செருப்புச் சத்தம். "பின்வாசல் வழியா போங்க. கார்ல உட்காருங்க" என்று தள்ளினீர்கள். காரில் எவ்வளவு நேரம் இருந்தேனோ. கடைசியில் வந்தீர்கள்.

"நான்தான் தொடைச்சேன்னு சொல்லிட்டேன்."

"நீங்களா? யார் சார் நம்புவா?"

"நம்பிட்டாங்க. கிடங்குச் சாவியை வாங்கிட்டாங்க."

நான் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இங்கேயே தங்குவதற்கான என் கிரீன் கார்டு அப்போது வரவில்லை. ஏதாவது ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். பீடத்தில் மிஞ்சிய கரி சோதனைக்குப் போதவில்லையாம். அதன்பின் நீங்கள் அந்தக் கிடங்குக்குள் போகவே இல்லை. ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. போன மாதம் கல்லறையில் உங்கள் பெட்டிமேல் மண் போட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை.

இதைக் கேட்டதும் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அங்கிளா பழியை ஏத்துக்கிட்டார்?" என்றாள். கார் சாவியை எடுத்துவந்து, "கிளம்புங்க மாமா, கிடங்குக்கு நான் டிரைவ் பண்றேன்" என்றாள்.

இந்தக் கரி இனி சோதனைக்கு உதவுமோ என்னவோ. துடைத்தது யார் என்பதற்காவது சாட்சி சொல்லும். கைக்குட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது சார். இன்றைக்கு முன்வாசல் வழியாகவே போகிறேன்.