பதினாலாம் கட்டில்

புதுக்கடை,
7.3.2011

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். சொல்லாமல் வேலையை விட்டுவிட்டேனென்று கோபப்படாதே. உன் நர்ஸிங் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஏழு வருஷம் வார்டு சிஸ்டராக இருந்த எனக்கு, அங்கீகார இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுநாள் அந்தப் படியேற முடியவில்லை.

காலி வார்டை நிரப்ப, குலசேகரம் ரப்பர் தோட்டத்திலிருந்து வேனில் ஆள் இறக்கினாய். சுகமாயிருந்த நாற்பது பேருக்கு வெள்ளை விரிப்பு, பிரியாணிப் பொட்டலம், ஆளுக்கொரு பொய் சார்ட். பிரின்ஸிபால் நீயே உட்கார்ந்து காய்ச்சல் எழுதினாய். அதையும் விழுங்கியிருப்பேன். பதினாலாம் கட்டிலில் கிடந்த, ரப்பர் பால் வெட்டுகிறவளின் காலில் நிஜப் புண்ணல்லவா இருந்தது! துணியை அவிழ்த்தேன், புழு நெளிந்தது. அதிகாரிகள் வரும் சத்தம் கேட்டதும் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, அவிய வாறாவ, மூடிப் போடு" என்றாய். சாயங்காலம் அவளையும் வேனில் ஏற்றிவிட்டாய்.

'சார்ட்டைத் தொடும் முன்னே கையைத் தொடு, பேரைக் கேள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவள் நீதானே? வாசலில் நின்று கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அவளைத் தேடிப்பிடித்து என் வீட்டில் வைத்துக் கட்டுப் போடுகிறேன்.

சத்தியபாய்

நாகர்கோவில்,
15.3.2011

என் அன்பு சத்தியா,

உன் கடிதம் கண்டு மனம் நொந்தேன். அங்கீகாரம் போனால் அறுபது பிள்ளைகளின் படிப்பு பாழ். ஹாஸ்டல் காலத்திலிருந்தே நீ முகஞ்சுளிக்கிறவள்தான். உன் இடத்தில் நான் யாரையும் போடவில்லை, வந்துவிடு.

ஒரு நல்ல செய்தி. ஹோலிஸ்டிக் நர்ஸிங்கில் என் பணிக்காக மே மாதம் சென்னை மாநாட்டில் விருது தருகிறார்கள். நம் பதினாலாம் கட்டிலைப் பற்றியே பேசப்போகிறேன், உடல், மனம், ஆவி மூன்றையும் எப்படித் தேற்றினோம் என்று. அவள் பெயர், சம்மதக் கையெழுத்து, புண் ஆறிய படம் மூன்றையும் சீக்கிரம் அனுப்பு.

என்றும் உன்
விக்டோரியா

புதுக்கடை,
2.4.2011

விக்டோரியாவுக்கு,

'நம்' பதினாலாம் கட்டிலா? உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் கை கழுவினேன். புழு எடுத்த அன்றுகூட எனக்கு இத்தனை அருவருப்பு இல்லை.

படம் கிடையாது. என் கட்டுக்குப் புண் ஆறவில்லை; போன திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சமயம்தான் நீ அவளுக்குக் காய்ச்சல் எழுதினாய்.

கையெழுத்துப் போடுவாயா என்று அவளிடம் கேட்டேன். "மூக்கப் பொத்திட்டு நின்னாவளே, அவியளா? எனக்க பேரே கேக்கல்ல மக்களே. வேணுமெங்கில் வந்து கேக்கட்டும்" என்றாள்.

மாநாட்டுக்கு முன் வா. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். வந்து உட்கார்ந்து கேட்டால் பழையபடி உனக்குச் சோறு போடுவேன்.

சத்தியபாய்

புதுக்கடை,
23.5.2011

விக்டோரியா,

பேப்பரில் உன் படமும் பேச்சும் பார்த்தேன். அவளுக்கு மேரி என்று நீயே பேர் வைத்துவிட்டாய். புண் ஆறி, நடந்தே வீட்டுக்குப் போனாளாம்.

நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

அவள் பெயர் சுடலைவடிவு.