பதினேழாம் நம்பர் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

பேத்தியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மறதி நோய் வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம். நான் வராதவர்கள் பக்கம், பதினேழாம் நம்பர். யார் எந்த நம்பர் என்று பேத்திக்கே தெரியக்கூடாதாம்.

அவள் எதைத் தேடுகிறாள் என்று மருந்துக்கடைக்காரருக்கு நானே விளக்கினேன். "பெரிய போர்வையத் தனியா மடிச்சா சுருண்டுக்கும்ல? மூளையில இருக்கற புரோட்டீனும் அப்படித்தான். எதிர்முனையப் பிடிச்சு மடிக்க உதவி பண்றதுக்குன்னே ஒரு துணைப் புரோட்டீன் இருக்கு. அது குறைஞ்சா, சுருண்டதெல்லாம் கட்டி கட்டியா சேர்ந்து மறதி வருது."

"தலைவலி மாத்திரை எத்தனை வேணும்?" என்றார். அறிவாளிகளுக்கு எங்கே மதிப்பு இருக்கிறது.

மார்ச் 5

ஞாபகப் பரீட்சை. ஐந்து வார்த்தை சொல்லி, நடுவில் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்பார்கள். எனக்கு முன்னால் போய்வந்த ரிட்டையர்டு பஸ் டிரைவரை வராந்தாவில் மடக்கினேன்.

"குடை, பூட்டு, ஏணி, ஆரஞ்சு, தபால். சும்மா ஈஸிதான், அக்கா."

உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். ஐந்துக்கு ஐந்து. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

மார்ச் 19

பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பேத்தி வருவதற்குள் துடைத்துவிட்டேன். இந்த மாதம் எத்தனையாவது தடவை என்பதை இங்கே எழுதுவானேன்.

ஏப்ரல் 20

பேத்தி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"ஒரே ஒரு ஆளு, பாட்டி. துணைப் புரோட்டீன் குறையக் குறைய ஞாபகமும் குறையுது. வரைபடத்துல எல்லாரும் கோடு போட்ட மாதிரி வர்றாங்க. ஒரு புள்ளி மட்டும் தனியா நிக்குது. ரத்தத்துல அந்தப் புரோட்டீன் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல, பரீட்சையில அஞ்சுக்கு அஞ்சு. அதுக்கு விளக்கம் சொல்லாம கட்டுரை அனுப்பக்கூடாதுங்கறார் பேராசிரியர். நான் நெனச்சதே தப்போ என்னவோ."

"யாரு அந்த மூதேவி?"

"பேர் தெரியாது. நம்பர் பதினேழு."

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். தட்டு அவளுடையது. அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

ஏப்ரல் 21

சொல்லாவிட்டால் அவள் இத்தனை வருஷம் உழைத்தது வீண். சொன்னால் — சொன்னால் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். அவளுக்கு மட்டுமா? எனக்கும்தானே.

தெருவெல்லாம் அவள் பெருமை பேசின வாய் இப்ப எங்கடி போச்சு?

ஏப்ரல் 23

சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, மை இன்னும் இருக்கிற மாதிரி உள்ளங்கையையே பார்த்தாள். "ஏன் பாட்டி?"

"உன் பாட்டி ஃபெயிலானா உனக்குத்தானே அசிங்கம்."

"வார்த்தைய யாரு சொன்னா?"

யாரையும் காட்டிக்கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. டிரைவர் என்று உடனே சொல்லிவிட்டேன்.

மே 6

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் மறுபரீட்சை. தனித்தனி அறை, புது வார்த்தைகள். டிரைவருக்கும் யோக்கியதை அவ்வளவுதான். அவருக்கு முன்னால் போன ரிட்டையர்டு டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டு போனாராம். ஆனால் இந்தத் தடவை இரண்டு பேரும் சொந்தமாகவே ஐந்தையும் சொல்லிவிட்டார்கள்.

நான் இரண்டு. மூன்றாவதாக "குடை" என்று அடித்துச் சொன்னேன். அது போன பரீட்சை.

மே 20

ஆரம்ப நிலைதான் என்றார் டாக்டர். பேத்தியின் படத்தில் பதினேழு இப்போது கோட்டோடு ஒட்டி நிற்கிறது. கணக்கு சரியாக வந்தும் அவள் முகம் விழுந்துகிடந்தது.

"கட்டுரைய அனுப்புடி."

"இது மருந்தாக இன்னும் நிறைய வருஷம் ஆகும், பாட்டி. உனக்கு..."

"எனக்கு யாரு கேட்டா? ஒழுங்கா பரீட்சை எழுதறவங்களுக்குக் குடு."

நான் எங்காவது வழி தெரியாமல் நின்றால் கூப்பிடுவதற்கு, என் பேரும் அவள் போன் நம்பரும் எழுதி ஒரு அட்டையை என் பையில் வைக்க வந்தாள். வாங்கிப் பார்த்தேன். பேருக்குக் கீழே "விஞ்ஞானியின் பாட்டி" என்று சேர்க்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சேர்த்தாள்.

எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.