பழைய கிடங்குக்கு நான் எழுதிய வரி

மார்ச் 3, செவ்வாய்

தேடல் கருவிகளுக்கான விளக்கங்களை எழுதி முடித்தேன். லிஃப்ட் மெக்கானிக்குகள் போனில் கேட்டால் எங்கள் ஏஐ உதவியாளர் கையேட்டைத் தேடிப் பதில் சொல்லும். எந்தக் கருவியை வைத்துத் தேடுவது என்பதை, நான் எழுதும் விளக்க வரியைப் படித்துத்தான் அது முடிவு செய்கிறது. வேறெதுவும் அதற்குத் தெரியாது.

நடப்புக் கையேடுகளுக்கான கருவிக்கு: “கையேடுகளில் தேடும்.” பழைய பதிப்புகள் கிடக்கும் கிடங்குக்கு: “எல்லா மாடல்களுக்கும் முழுமையான தகவல் தரும்.” சாப்பாட்டு மணிக்குள் முடிக்க வேண்டுமே என்று ஓட்டிய கடைசி வரி. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 5

என் கணவரும் எங்கள் கம்பெனி மெக்கானிக்தான். இன்று அவருக்கும் உதவியாளர் வந்துவிட்டது. “உன் ஆளு கெட்டிக்காரன். கேட்டு வாய மூடுறதுக்குள்ள சொல்லிடுறான்.” இவரோடு வேலைக்குப் போகும் கூட்டாளி, தடிப் புத்தகத்தை இனி எடைக்குப் போட்டுவிடலாம் என்றாராம். எதற்கெடுத்தாலும் பறப்பவர் என்பதால் கிண்டலாக அவருக்கு ‘பொறுமை’ என்று பட்டப்பெயர்.

மார்ச் 10

பதிவுகளைப் புரட்டினேன். நாற்பது கேள்விகள். பதினொன்றுக்குப் பழைய கிடங்கிலிருந்து பதில் போயிருக்கிறது.

என் இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ஒன்று வெறுமனே ‘தேடும்’. இன்னொன்று ‘முழுமையான’. நானாக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பழையது, வேலை நடக்கும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று எங்கேயாவது எழுதினேனா? இல்லை.



மார்ச் 11

புது விளக்கம் எழுதி மேலாளருக்கு மெயில் அனுப்பினேன்: “காலாவதியான பதிப்புகள் மட்டும். என்ன மாறியது என்று அலுவலகத்தில் ஒப்பிட மட்டுமே. பழுதுபார்க்கும் கேள்விக்கு இதைப் பயன்படுத்தாதே.” பிறகு நேரிலும் போனேன்.

“பதினெட்டாம் தேதி மொத்தமா மாத்துறோம்ல, அதோட போயிடும். ஒரு வாரத்துல என்ன குடியா முழுகிடப் போகுது?”

“அதுவரைக்கும் மெக்கானிக்குங்க கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடலாமே சார்?”

“ஆரம்பத்துலயே பயமுறுத்தினா எவனும் தொட மாட்டான்மா.”

தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 12

இவரிடம் கேட்டேன்: “பதில் வந்தா எந்தப் பதிப்புன்னு பாக்குறீங்களா?”

“நீ எழுதி வச்சதுதானே. அதுல என்ன பாக்குறது?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்படிக்குப் போய்விட்டேன். வெட்கமா? என்னை நம்புகிறாரே என்ற சந்தோஷமா?

மார்ச் 15

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மூன்று நாள். போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது.

மார்ச் 17

பதினொன்று நாற்பதுக்கு இவர் போன். குரலே இவருடையது இல்லை. பொறுமைக்குக் கை — சக்கரத்தில் — ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. அவ்வளவுதான் சொன்னார்.

கடவுளே, அது வேற ஏதாவதா இருக்கணும். அந்தப் பதினொரு பதில் மாதிரி இருக்கக் கூடாது.

மார்ச் 18

அதேதான்.

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. பிரேக்கை எப்படித் தளர்த்துவது என்று கேட்டிருக்கிறார்கள். புதிய கையேட்டில் முதல் படி, கயிறு ஓடும் சக்கரத்தைச் சுழலாதபடி பூட்டுவது. பழையதில் அந்தப் படியே இல்லை. கிடங்கிலிருந்துதான் பதில் போயிருக்கிறது.

“நான்தான் வாசிச்சேன்,” என்றார் இவர். “ரெண்டு தடவ சத்தமா வாசிச்சேன். அவன் அதுல சொன்னபடியே செஞ்சான்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“பத்தாம் தேதிலேருந்து.”

விரலை மடக்கி எண்ணினார். ஏழு நாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இன்று காலைதான் புது விளக்கம் ஏறியது. சொன்ன தேதிக்கு, சொன்னபடி.

மார்ச் 20

மேலாளர் விபத்து அறிக்கையை நீட்டினார். ‘பணியாளரின் அவசரம்’ என்று போட்டிருந்தது.

“அவரு அவசரக்காரர்னு ஊருக்கே தெரியும்மா. மெஷினும் தப்பான இடத்துல தேடிடுச்சு. என்ன பண்றது?”

“மெஷின் நான் கைகாட்டின இடத்துலதான் சார் தேடிச்சு. பதினொண்ணாம் தேதி மெயில்ல அதைத்தானே சொன்னேன்.”

“அந்த மெயில் இப்ப எதுக்கு?” கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். “வேலை வேணும்ல?”

மார்ச் 22

இவர் கூடத்தில் படுக்கிறார். சாப்பிட வாங்க என்றால் வருகிறார்.

மார்ச் 26

“அவன் வீட்டுக்குப் போறேன். வர்றியா?” எட்டு நாளில் இவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பொறுமைக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கம்பெனிக் கடிதத்தை என் முன்னால் வைத்தாள். “அவசரப்பட்டாராம். அதனால அவங்க பொறுப்பில்லையாம். இதுக்குப் பதில் எழுதணும்க்கா. உங்களுக்குத் தெளிவா எழுத வரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு.”

இவர் வாசலிலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

காகிதம் கொண்டுவரச் சொன்னேன். முதலில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். அதன் கீழே: ‘உதவியாளரைப் பழைய கையேட்டுக்கு அனுப்பிய வரியை எழுதியவள் நான். அது தவறு என்று விபத்துக்கு ஏழு நாள் முன்பே எனக்கும், ஆறு நாள் முன்பே மேலாளருக்கும் தெரியும்.’

அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் நின்றாள். திரும்பப் படித்தாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“மீதியையும் எழுதுங்க,” என்றாள்.