வண்டிக்கு வந்த எஸ்டிமேட்

ஜூன் 3, செவ்வாய்

இந்தக் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். யாரும் பார்க்கப் போவதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காலமெல்லாம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை இது. பட்டையாக இழுத்தே பழக்கம். இரண்டு கோட்டுக்குள் நில் என்றால் நிற்க மாட்டேன் என்கிறது. 'ழ' வரும்போதெல்லாம் பேனா வழுக்கி அடுத்த வீட்டுக்குள் போய்விடுகிறது. நூலக மாடியில் நடந்த முதியோர் வகுப்பு முடிந்துவிட்டது. எழுதாமல் விட்டால் எல்லாம் மறந்துபோகும் என்றார் வாத்தியார். ஆகவே இந்த நோட்டு.

எதை எழுதுவது? நடந்ததைத்தான். இன்று கார் நின்றுவிட்டது.

எங்களுக்குக் கார்தான் பிழைப்பு. என் மனைவி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஒரே கார், ஒரே டீச்சர், அவ்வளவுதான் பள்ளிக்கூடம். கற்பவர் காலடியில் மூன்று மிதி. பக்கத்து இருக்கையில் அவள் காலடியில் இரண்டு: ஒரு ப்ரேக், ஒரு கிளட்ச். அவள் மிதித்தால் கற்பவர் பக்கத்து மிதியும் சேர்ந்தே இறங்கும். கூரைமேல் இருக்கும் பெயர்ப்பலகை என் கைவேலை. எழுத்து தெரியாத காலத்தில், யாரோ காகிதத்தில் போட்டுக் கொடுத்ததைப் பார்த்து வரைந்தது. போன மாதம்தான் அதை முதல்முறையாகப் படித்தேன். பிழை இல்லை.

இன்று ஆஸ்பத்திரி மேட்டில் இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை. ஏதோ தீய்ந்த வாடை. ஓட்டிக்கொண்டிருந்தது லாண்டரியில் வேலை பார்க்கும் பெண். அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான் பின் இருக்கையில். (வீட்டில் சும்மா இருப்பதற்கு வண்டியில் சும்மா இருக்கிறேன்.) என் மனைவி இறங்கினாள், பின்னால் வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தினாள், போகிறவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். முன்பே பேசி வைத்தது போல எல்லோரும் தள்ளினார்கள். முகத்தில் ஒரு பதற்றம்? ம்ஹூம்.

எழுதியே கை வலிக்கிறது. ஆனாலும் இனிக்கிறது.

ஜூன் 5, வியாழன்

கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து எஸ்டிமேட் வந்தது. கிளட்ச் முழு செட். ஃப்ளைவீல். கியர்பாக்ஸ் பிரித்துச் சரிசெய்தல். கூலி. வரி. நான்தான் படித்தேன், உரக்க. 'ஃப்ளைவீல்' என்பதை ஒரே மூச்சில் தாண்டியதும் எனக்குக் கால் தரையில் இல்லை.

"சிரிச்சிக்கிட்டே படிக்கிற விஷயமாங்க இது?" என்றாள் என் மனைவி.

அடியில் இருந்த தொகைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. இந்தக் காரை வாங்கிய விலையில் பாதி. கையிருப்பைத் துடைத்து வழித்தால் கட்டிவிடலாம். அதற்குப் பிறகு ஒரு டயர் வெடித்தாலும் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்.

மகள் போன் செய்தாள். "அம்மா, அந்தத் தகர டப்பாவுக்கு இன்னும் கொட்டணுமா? வித்துட்டு நிம்மதியா உக்காருங்க. அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

"எனக்கு ஓட்டவே தெரியாதும்மா, நான் என்னத்தச் சொல்ல" என்றேன்.

இவள் போனை வாங்கினாள். "உக்கார்றதுன்னா உன் வீட்லதான் வந்து உக்காருவேன். உன் சமையலக் குறை சொல்லிக்கிட்டே இருப்பேன். யோசிச்சிச் சொல்லு."

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் போனை வைத்ததும் இவள் காலண்டரில் தேதியைத் தேடினாள். லாண்டரிப் பெண்ணுக்குப் பத்தொன்பதாம் தேதி லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருக்கிறாள். லாண்டரி வேன் டிரைவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். லைசென்ஸ் கிடைத்தால் அந்த வேலை அவளுக்கு. கிடைக்காவிட்டால் வெளியாள் வந்துவிடுவான், அவள் பழையபடி நீராவிக்கு நடுவே இஸ்திரி போட வேண்டும். தெரியாத காரில் டெஸ்டுக்குப் போக அவளுக்கு நடுக்கம்.

ஜூன் 6, வெள்ளி

இன்று பாடத்துக்கு வரவேண்டிய எல்லோருக்கும் இவள் போன் செய்து பாடம் இல்லை என்று சொன்னாள். ஒருவரிடமும் குரல் இறங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

வேறு ஒரு மெக்கானிக்கைப் பார்த்தோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரே ஒரு கார் நிற்கும் கொட்டகை. மனிதருக்குத் தலையில் முடியில்லை, மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றிமேல். பெரிய ஒர்க்‌ஷாப்பின் எஸ்டிமேட்டை இவள் நீட்டினாள். அவர் வாங்கவே இல்லை.

"அதப் பாத்தா என் கண்ணும் அதையேதான் தேடும் அக்கா. வெளிய நின்னு பாத்து அவங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸ இறக்கிப் பாத்துட்டு உள்ளதச் சொல்றேன். அப்புறம் வேணாம்னா, இறக்கின கூலியக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

இவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. எனக்கும்தான். பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களைப் பற்றி நான் ஏதோ கடுப்பாகச் சொன்னேன். "சும்மா இருங்க, அந்தத் தம்பி அரை நாள் அடியில படுத்துப் பாத்தான்" என்று அடக்கிவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

மாலையில் கொட்டகைக்குப் போனோம். லாண்டரிப் பெண்ணும் வேலை முடிந்து வந்திருந்தாள், கையெல்லாம் சோப்பு மணம். மெக்கானிக் கிளட்ச் தட்டைக் கொண்டுவந்து என் மனைவி கையில் வைத்தார். தேய்ந்து தேய்ந்து பிஸ்கட் போல ஆகியிருந்தது. பேரிங் ஒன்றைச் சுற்றிக் காட்டினார், கரகரவென்றது. கியர்பாக்ஸில் ஒன்றுமில்லையாம். கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கியதால்தான் இன்ஜின் உறுமியும் வண்டி ஏறவில்லையாம். கிளட்ச் தட்டு உரசும் சக்கரம்தானாம் ஃப்ளைவீல், அதை லேத் பட்டறையில் கொடுத்து மேற்பரப்பைத் தேய்த்தால் போதுமாம். அவர் சொன்ன தொகை முதல் எஸ்டிமேட்டில் கால்வாசிகூட இல்லை. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார். "புதுசு போட்டாலும் இது நிக்காது. இதுக்கு முன்னாடியும் மாத்தினீங்கதானே?"

"மாத்தினோம். கத்துக்கிற பிள்ளைங்க வண்டி. தேயத்தான செய்யும்?"

"கத்துக்கிறவங்க கால் படபடன்னு மிதிக்கும், வெடுக்குன்னு விடும். அந்தத் தேய்மானம் வேற மாதிரி அக்கா. இது எப்பவும் லேசா மிதிச்சிக்கிட்டே இருக்கிற கால்."

இவளுக்கு வந்தது கோபம். "என் பிள்ளைங்க அப்படி ஓட்ட மாட்டாங்க. முத நாளே நான் சொல்லிக்குடுக்கிறது அதுதான். கியர் போடாத நேரத்துல கிளட்ச்ல கால் இருக்கக் கூடாது. யார வேணா கேளுங்க. இந்தா, இவளக் கேளுங்க."

லாண்டரிப் பெண் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? மெக்கானிக்கைப் பார்த்தேன்.

"டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் கால வைக்கிறதுக்கு முன்னாடியே மிதி கொஞ்சம் கீழ போயிருக்கும். எல்லா வண்டியும் அப்படித்தான்னு நெனச்சேன். டெஸ்ட்ல மட்டும் அது மேல இருக்கும். ரெண்டு தடவையும் கெளப்பும்போதே வண்டி செத்துப்போச்சு. உங்ககூட வரும்போது ஒரு நாளும் சாகல."

டெஸ்டில் அந்த இருக்கையில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் எதையும் மிதிக்க மாட்டார். அப்படியென்றால் இத்தனை நாளும் மிதித்தது யார்? கணக்குத் தெரியாத எனக்கே புரிந்துவிட்டது.

நானாக இருந்தால் இல்லவே இல்லை என்று குதித்திருப்பேன். எனக்கு நன்றாகத் தெரியும், குதித்திருப்பேன். எவ்வளவு பெயர் எடுத்தவள் இவள். எத்தனை பெண்கள் இவளிடம் கற்று ஓட்டுகிறார்கள். இவள் அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு லாண்டரிப் பெண்ணிடம் சொன்னாள்: "நான்தான். நீ சொல்லலன்னா இன்னும் மூணு தட்டு தின்னிருப்பேன். உன்னையும் இன்னொரு தடவ தோக்க வச்சிருப்பேன்."

அந்தப் பெண் ஐயோ டீச்சர் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

நேற்றிரவு சாப்பிட்டபின் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டிவிக்கு ஏது கிளட்ச்? நான் சுட்டிக்காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆரம்பத்துல ஒருத்தி வாய்க்கா ஓரம் வரைக்கும் விட்டாளே, ஞாபகம் இருக்கா? முன் சக்கரம் தொங்குச்சே."

இருக்கிறது. அன்று வீடு வந்து தண்ணீர் கேட்டவள், தம்ளரைப் பிடிக்க முடியாமல் என்னிடமே கொடுத்தாள்.

"அன்னிக்கி வச்ச கால். எடுக்கவே இல்ல போலிருக்கு."

இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். காலைக் கட்டியா போட முடியும் என்றாள். விற்றுவிடலாமா என்றும் அவளே கேட்டாள். சொல்லத் தெரியவில்லை எனக்கு. எழுதத்தான் வருகிறது. நீ விட்டுவிட்டால் இந்த ஊரில் எத்தனை பெண்கள் பின் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பார்கள் தெரியுமா? — இதை வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

காலையில் எழுந்ததுமே சொன்னேன். எழுதியதைப் பார்த்துப் படித்தேன். இவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, "நேத்தே முடிவு பண்ணிட்டேன். இருந்தாலும் இன்னொரு தடவ படிங்க" என்றாள்.

முதலில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதாதா என்றேன். உழைச்ச ஆளுக்கு நேர்ல சொல்லணும் என்றாள். அங்கே டை கட்டிய தம்பியிடம் நடந்ததை அப்படியே சொன்னாள், தன் கால்தான் காரணம் என்பதையும் சேர்த்து. அந்தத் தம்பி எழுந்து நின்றுவிட்டான். "எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிச் சொன்னதில்ல மேடம்" என்றான். எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது.

பிறகு கொட்டகை. கிளட்ச் போடுங்க, பேரிங் போடுங்க, ஃப்ளைவீல லேத்துக்கு அனுப்புங்க என்று சொல்லிவிட்டு, "என் பக்கத்து கிளட்ச் மிதியக் கழட்டிடுங்க" என்றாள்.

மெக்கானிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். இறக்கியதை இன்றுதான் பார்த்தேன். "அக்கா, யோசிச்சித்தான் சொல்றீங்களா?"

"ப்ரேக் இருக்கட்டும். அது உயிருக்கு. கிளட்ச் என் பயத்துக்குத்தான இருந்துச்சு."

"சட்டத்துக்கு ப்ரேக் போதும்" என்றார் அவர். "உங்களுக்குப் போதுமாங்கிறதத்தான் கேட்டேன்."

"பாப்போம்."

ஜூன் 14, சனி

கார் வந்துவிட்டது. லாண்டரிப் பெண்ணுக்கு இனி பாடத்துக்குக் காசு வேண்டாம் என்றாள் இவள். காசு வாங்காட்டி நான் வேற டீச்சரப் பாத்துக்கிறேன் என்றாள் அவள். இரண்டும் அழுத்தக்காரிகள். கடைசியில் பாதி என்று முடிந்தது.

கிளம்பியதும் வண்டி செத்தது. மறுபடி கிளப்பி, மறுபடி செத்தது. பெரிய சிக்னலில், பச்சை விழுந்த நேரத்தில், மூன்றாவது தடவை. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன். நான் பின் இருக்கையில் மூச்சை அடக்கிக்கொண்டு இவள் காலையே பார்த்தேன். இடது கால் வெறும் தரையைத் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. இவள் கையை மடியில் கோத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்: "ஆமா, வெள்ளை பெட்ஷீட்ல ரத்தக் கறை இருந்தா எப்படி எடுப்பீங்க?"

"பச்சத் தண்ணில ஊற வைக்கணும் டீச்சர். சுடுதண்ணி பட்டா கறை நின்னுடும்."

"எவ்வளவு நேரம்?"

அந்தப் பெண் பதில் சொல்லிக்கொண்டே கால் மாற்றினாள். வண்டி கிளம்பிவிட்டது, உலுக்காமல். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிக்னல் தாண்டியபின் இவள் கழுத்தில் வேர்வை ஓடியதை நான் மட்டும் பார்த்தேன்.

இப்படி ஒருத்தியோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். இதை எழுத ஒரு கை கிடைத்ததே.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி மேடு. லாண்டரிப் பெண் நடுவில் நிறுத்தி, அங்கிருந்தே ஏற்றினாள். ஒரு முழம்கூடப் பின்னால் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

டெஸ்ட். நானும் இவளும் வெளியே சிமெண்ட் பெஞ்சில். எங்கள் கார் சுவரைத் தாண்டிப் போவது கேட்டது. சத்தத்தை வைத்தே இவள் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்ப ரெண்டாவது போட்டுட்டா, இப்ப வேகம் குறைக்கிறா என்று. பிறகு சத்தமே இல்லை. "செத்துப்போச்சா?" என்றேன். "வாய மூடுங்க" என்றாள்.

லாண்டரிப் பெண் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். அதிகாரி இறங்கிப் போனார். இவள் வழக்கம்போல முன் கதவைத் திறக்கப் போனாள்.

"டீச்சர், நீங்க ஐயாகூடப் பின்னாடி உக்காருங்க. நான் கொண்டுபோய் விடுறேன்."

இந்தக் காரில் இவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. வீடு வரும்வரை நான் கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பாதிக்கு மேல் கேட்க இவள் விழித்திருக்கவில்லை. தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வாசலில் ஹாரன். வெள்ளை வேன், உள்ளே அடுக்கு அடுக்காக ஆஸ்பத்திரித் துணி மூட்டை. ஸ்டியரிங்கில் அவள். நிற்க நேரமில்லை, சும்மா காட்டிவிட்டுப் போக வந்தாளாம். எங்கள் தெரு மேடு. நிறுத்திய இடத்திலிருந்து அப்படியே ஏறிப் போனாள்.

இவள் ஜன்னலில் நின்று வேன் திரும்பும்வரை பார்த்தாள். பெருமையாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அரை கிளட்ச் கொஞ்சம் அதிகமா வைக்கிறா" என்றாள். "சொல்லணும்."

லாண்டரியிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். இரண்டு இரண்டு பேராக அழைத்துப் போகப் போகிறாளாம், பின் இருக்கையில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாள். ஆகவே அடுத்த வாரம் முழுவதும் இந்த மேசையும் பேனாவும் எனக்கே. எழுதாமல் வேறென்ன செய்யப் போகிறேன்? இவளைப் பற்றி இன்னும் பாதிகூட எழுதவில்லை.