இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கேரவன்

உனக்கு,

காலையில் பயணப் பையைப் பரணிலிருந்து இறக்கித் திறந்தேன். பொன்முடியில் நீ வாங்கித் தந்த புல்தைலம் எப்போதோ சிந்தியிருக்கிறது. பை முழுக்க அந்த வாசனை. துணி எடுத்து வைக்க உட்கார்ந்தவள், வைக்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் உனக்கு முதல் வருஷப் படையல். நாகர்கோவிலில் உன் தங்கைகள் இருவரும் எதிரெதிர் வீட்டில், தனித்தனியாக, ஒரே நேரத்தில் படைக்கிறார்கள். இருவரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டுப் படி ஏறினால் மற்ற வீட்டோடு உறவு முடிந்தது. உன் மனிதர்கள் என்று எனக்கு மிஞ்சியிருப்பதே அந்த இரண்டு பேர்தான். யாரை விடுவது என்று தெரியவில்லை.

நீ செய்த வேலைதான் இதெல்லாம்.

ஓய்வு பெற்றும் அலுவலகத் தோழியை விடமாட்டேன் என்று ஸ்ரீவராகத்தில் என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வருவாயே, அப்படி ஒரு நாள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாய்: "ஏட்டி, கேரவன் வாடகைக்குக் கெடைக்கு. உள்ளயே கட்டிலு, அடுப்பு, கக்கூசு எல்லாம் உண்டு. பொன்முடி பாப்போம், திற்பரப்பு அருவி பாப்போம். போற வழில தங்கச்சிமாரயும் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம், கேட்டியா?"

சினிமாக்காரர்கள் மேக்கப் போடுகிற வண்டியில் நமக்கென்ன வேலை என்றேன். என் பேச்சை நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

பொன்முடி வளைவுகளில் பாத்திரம் எல்லாம் உருண்டு என் காலடிக்கு வந்தது. மேலே போனால் ஒரே பனி. மலையும் இல்லை, தேயிலையும் இல்லை, முன்னால் நின்ற நீயும் இல்லை. "இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் தெரியவில்லையே" என்று புலம்பினேன். பனிக்குள்ளிருந்து உன் குரல் மட்டும் வந்தது: "நாம பாக்காட்டா என்னட்டி, மலை நம்மளப் பாத்துட்டுப் போட்டும்." எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இறங்கும்போதுதான் மெதுவாக விஷயத்தை அவிழ்த்தாய். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தொடங்கிய சண்டையில், தங்கைகள் பேச்சுவார்த்தையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. "செல்லம்மை வீட்டுல படுத்தா கோமதி மொகத்தத் தூக்குவா. கோமதி வீட்டுல படுத்தா செல்லம்மை அழுவா. அதாம் நம்ம வீட்டையே உருட்டிக்கிட்டுப் போறோம்." அப்படியானால் நாம் அருவி பார்க்கப் போனோமா, தங்கைகளைப் பார்க்கப் போனோமா? அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் டிரைவர், "அம்மே, வண்டி எவிடெ நிர்த்தணும்?" என்று கேட்டான். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல. ஒரு சாண் அங்கிட்டு இங்கிட்டு போவாண்டாம்" என்றாய். எந்த நடிகை வந்திருக்கிறாள் என்று தெருவே கூடிவிட்டது. நீ ஜன்னல் திரையை விலக்கிக் கை வேறு காட்டினாய். எனக்கு மானம் போயிற்று.

யாரும் வருத்தப்படக் கூடாது என்று நீ போட்ட திட்டத்தில் இரண்டு பேரும் ஒன்றுபோல வருத்தப்பட்டார்கள். சொந்த அக்கா வாசலில் அடுப்பு பற்றவைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? செல்லம்மை வண்டிக்குள் ஏறினாள், விட்டுக்கொடுக்காமல் கோமதியும் பின்னாலேயே ஏறினாள். உள்ளே இருந்ததோ எதிரெதிராக இரண்டு இருக்கை, நடுவில் குட்டி மேசை. வேறு வழியில்லாமல் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள்.

"தெருவுல கெடந்து உப்புமா கிண்டவா வந்த? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றாள் செல்லம்மை.

"நல்லாக் கேளு" என்றாள் கோமதி.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னைத் திட்டித் தீர்த்து, உப்புமாவையும் தின்றுவிட்டு, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் இறங்கிப் போனார்கள். மறுநாள் திற்பரப்பில் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டேன், நாம் ஜெயித்தோமா தோற்றோமா என்று. "எனக்கும் வெளங்கலட்டி" என்று நீயும் கத்தினாய். அதுதான் நாம் சேர்ந்து போன கடைசிப் பயணம். அது தெரிந்துதான் கூட்டிப் போனாயா? அதையும் சொல்லாமல் போய்விட்டாய். உன் மேல் கோபமாக வருகிறது. அதைவிட அதிகமாக மனசு உன்னைத் தேடுகிறது.

நேற்று செல்லம்மை போன் செய்தாள். "அக்கா, நீங்க இங்கதான் தங்கணும். மாடியில ஒங்களுக்கு ரூம் ஒதுக்கியாச்சு." அவள் வைத்த கொஞ்ச நேரத்தில் கோமதி. "அங்க மாடிப்படி ஏறணும்க்கா, ஒங்க முட்டுக்கு ஆவாது. நான் கீழயே கட்டில் போட்டுட்டேன்." பேசிக்கொள்ளாதவர்கள் என்றால், மாடியில்தான் எனக்கு ரூம் என்று கோமதிக்கு யார் சொன்னது? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அண்ணன் தம்பி, கணவன் பிள்ளை என்று யாரும் இல்லாதவள் நான். என்னைத் தங்க வைக்க ஒருவரோடு ஒருவர் போட்டி போட ஆள் இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. இந்தக் குழப்பம்கூட நீ எனக்கு விட்டுப்போன சொத்துதான்.

நாளை கிழக்கேகோட்டை வரை ஆட்டோ, அங்கிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் மாறிப் போகிறேன். எந்த வீட்டுப் படி ஏறுவது என்று இன்னும் தெரியவில்லை. இரண்டிலும் ஏறப்போவதில்லை. தெரு நடுவில் பையை வைத்துவிட்டு உன் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடப் போகிறேன். இரண்டு கதவும் திறக்கும். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.