ரிப்போர்ட்டில் தெரியாத பசி

தங்கச்சி,

‘அன்புள்ள’ என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. மற்றதைப் படி.

நேற்று உன் மகன் எரிக் ஆனேக்கலிலிருந்து வந்து, உன் ரிப்போர்ட்டுகளை என் கட்டிலில் பரப்பினான். ரத்தம் சரி, இருதயம் சரி, வயிறும் சரியாம். ஆனாலும் அம்மா இளைத்துக்கொண்டே போவதாகச் சொல்லி அழுதான்.

என் பேத்தி லீனா உயிரியல் படிக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “செல்லு ஒரு மட்டம், உறுப்பு ஒரு மட்டம், முழு ஆளு இன்னொரு மட்டம், பாட்டி. கீழ எல்லாம் சரியா இருந்தாலும் மேல ஏதாவது கெட்டிருக்கலாம். அதை அங்கதான் தேடணும்” என்றாள்.

“முழு ஆளுக்கும் மேல என்னடி?”

“வீடு. யாரோட இருக்காங்க, யாரோட சாப்பிடுறாங்க, எல்லாம்தான்.”

அப்போதுதான் எரிக் விஷயத்தைச் சொன்னான். “அப்பா இறந்து போனதிலிருந்து அம்மா எனக்குப் போட்டுட்டு, அவங்க தட்டைக் கவுத்து வெச்சிடுறாங்க, பெரியம்மா. நானும் ஷிஃப்டுக்கு ஓடிடுறேன்.”

என் மகள் கல்யாணத்தில், உன் வீட்டுக்காரரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தோம் என்று கை நனைக்காமல் எழுந்து போனவள் நீ. அன்று நீ கட்டியிருந்த பச்சைப் புடவைகூட எனக்கு மறக்கவில்லை. உன் வீட்டில் இனிச் சாப்பிட மாட்டேன் என்றேன், அப்படியே இருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். மன்னித்துவிட்டதாக நினைக்காதே. சோறு வடித்து மீன் குழம்பு வை. நீ முதல் வாய் வைக்காமல் நான் தொட மாட்டேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, பட்டினி கிடந்தால் மயங்கி விழுவேன். யோசித்துக்கொள்.

கோபம் தீராத
உன் அக்கா